வன்னி நாய்க்கு ஈரல் வேறா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழின் செல்லப்பிராணிகள் கேள்வி-பதில் பகுதியில், வெளியே தேங்கி நிற்கும் தண்ணீரை நாய் குடிக்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வடிகட்டிய தண்ணீர் வையுங்கள், கிண்ணத்தைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள் என்று பதில் அக்கறையோடுதான் தொடங்குகிறது. கடைசி வரிதான் நெஞ்சில் தைத்தது. கிராமத்து நாய்கள் குளத்திலும் குட்டையிலும் குடித்துப் பழகியவையாம், அவற்றுக்கு ஒன்றும் ஆகாதாம்.

எங்கள் நாய்க்கு ஆனது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன காலபோகத்தில், மழை விட்ட கையோடு, எங்கள் நாய் வீரன் சாப்பாட்டை விட்டான். முதலில் சத்தி எடுத்தான். பிறகு தண்ணீர், தண்ணீர் என்று சட்டியை விட்டு நகரவில்லை. மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். முரசு மஞ்சளாய்க் கிடந்தது. சலம் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போனது. ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். எலிக்காய்ச்சலாகத்தான் இருக்க வேண்டும் என்றார். சேலைன் ஏற்றினார், மருந்து போட்டார். சிறுநீரகம் அதற்கு முன்பே போய்விட்டது. அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு பிரிவு முழுக்க இருக்கும் மாடு, ஆடு, கோழி எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். புறப்படும்போது அவர் சொன்னதுதான் வீட்டாரைக் கலங்க வைத்தது. "அம்மா, நாயைத் தொட்ட ஆக்கள் எல்லாரும் சோப் போட்டுக் கழுவுங்கோ. வீட்டிலை ஆருக்கும் காய்ச்சல் வந்தா, நாய்க்கு இப்பிடி வந்தது எண்டு ஆஸ்பத்திரியிலை மறக்காமல் சொல்லுங்கோ."

எலிக்காய்ச்சல் என்னவென்று தங்களுக்குத் தெரியாததல்ல. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் இனந்தெரியாத காய்ச்சலில் உயிர்கள் போனபோது, அது எலிக்காய்ச்சல்தான் என்று உறுதியான செய்தியை நான் படித்ததே தங்கள் பத்திரிகையில்தான். எலியின் சலத்தில் மட்டுமல்ல, மாட்டின் சலத்தில், நாயின் சலத்தில் எல்லாம் அந்தக் கிருமி வெளியேறும். வெயிலில் காய்ந்த மண்ணில் அது நிலைக்காது. தேங்கிய தண்ணீரிலும் ஈரச் சேற்றிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குடித்துத்தான் தொற்ற வேண்டும் என்றும் இல்லை; காலில் ஒரு கீறல் போதும். இதற்காகத்தான் வயலில் இறங்குகிற ஆட்களுக்குச் சுகாதாரப் பகுதியினர் முன்கூட்டியே டொக்சிசைக்கிளின் என்ற கிருமிகொல்லி மருந்தைக் கொடுக்கிறார்கள். மனிதன் மருந்து விழுங்கிவிட்டு இறங்கவேண்டிய அதே தண்ணீரில், அவன் பின்னாலே போகிற நாய்க்கு ஒன்றும் ஆகாது என்று எப்படி எழுத முடிந்தது?

பழகிவிட்டால் எதிர்ப்புச் சக்தி வந்துவிடும் என்ற எண்ணம் எங்கள் ஊரிலும் உண்டு. உயிரோடு திரிகிற நாய்களைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்கிறோம். பற்றைக்குள் போய்ப் படுத்துச் செத்த நாயை யார் கணக்கில் எடுத்தார்கள்? தப்பிய நாயும் சும்மா இருப்பதில்லை. வெளிப்பார்வைக்குச் சுகமாகத் தெரிந்துகொண்டே மாதக்கணக்கில் சலத்தோடு கிருமியை விட்டுக்கொண்டிருக்கும். அந்த முற்றத்தில்தான் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடித்திரிகின்றன.

இது எலிக்காய்ச்சலோடு முடிகிற கதையும் அல்ல. வயலுக்கு மருந்தடித்தவர்கள் மெசினையும் போத்தலையும் எங்கே கழுவுகிறார்கள்? வாய்க்காலில். மதகடியில் தேங்குகிற அந்தத் தண்ணீரை நாய் நக்கினால், சிலவகைப் பூச்சிமருந்துக்கு வாயால் வீணி வடியும், உடம்பு உதறும், மூச்சு முட்டும். அதற்கு மாற்று மருந்தான அத்திரப்பீன் ஊசி உடனே கிடைத்தால் பிழைக்கலாம். இங்கே உடனே என்பது எவ்வளவு தூரம் என்று தங்கள் பிரதேச நிருபரைக் கேட்டால் சொல்வார்.

சிறுபோகம் முடிந்து குளம் வற்றும் மாதங்களில் இன்னொன்று. வெயிலும் வயலிலிருந்து வடிந்த உரமும் சேர்ந்து அலைகரையோரம் தண்ணீர் பச்சைப் பூச்சாய்த் திரளும். அதில் நீலப்பச்சைப் பாசி என்று ஒரு வகை. சிலது ஈரலைக் கெடுக்கும் நஞ்சை விடும், சிலது நரம்பைத் தாக்கி ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே நாயைக் கொன்றுவிடும். மாற்று மருந்து கிடையாது, கொதிக்க வைத்தாலும் அந்த ஈரல் நஞ்சு போகாது. எல்லாப் பச்சைத் தண்ணீரும் நஞ்சல்ல. எது நஞ்சு என்று கண்ணால் பார்த்துச் சொல்லமுடியாது என்பதுதான் ஆபத்து. நாய் குடிக்காமல் நீந்திவிட்டு வந்து மயிரை நக்கினாலும் போதும். இதையெல்லாம் தங்கள் பகுதிக்குப் பதில் எழுதுகிறவர் அறியாதவராக இருக்கமாட்டார். அறிந்ததை மாடி வீட்டு நாய்க்கு ஒரு விதமாகவும் வயல்வெளி நாய்க்கு ஒரு விதமாகவும் எழுதியதுதான் வேதனை.

வன்னியில் நாய் ஆடம்பரத்துக்கு வளர்ப்பதல்ல, ஐயா. போருக்குப் பிறகு மீளக்குடியேறி தறப்பாளுக்குக் கீழே இருந்த நாட்களில் பாம்பு வந்ததையும் யானை வந்ததையும் எங்களுக்குச் சொன்னது நாய்தான். இன்றைக்கும் பன்றி வயலுக்குள் இறங்கினால் முதலில் குரைப்பது அதுதான். தங்கள் பத்திரிகையிலோ எங்கள் நாய்கள் கட்டாக்காலிகள் என்ற பெயரில் மட்டுமே வருகின்றன.

இன்னொரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். டெங்கு ஒழிப்பு வாரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள், வீரனுக்கென்று மாமர நிழலில் வைத்திருந்த மண்சட்டியைக் கவிழ்த்துவிட்டு, இனிமேல் இப்படி வைத்தால் வழக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காலையில் தேய்த்துக் கழுவி ஊற்றிய தண்ணீர் அது. நுளம்பு முட்டை பொரித்துப் பறப்பதற்கு ஒரு வாரமாவது வேண்டும்; தினமும் மாற்றுகிற சட்டியில் அது எப்படி வளரும்? எங்கள் படலையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், வீதி போடக் கிரவல் அள்ளிய கிடங்கு ஆளுயரத்துக்குத் தண்ணீரோடு கிடக்கிறது. மாடு படுக்கிறது, எலி நீந்துகிறது, பக்கத்துக் கடைக் குப்பை மிதக்கிறது. அதைக் கவிழ்க்க அவர்களால் முடியாது என்பது எனக்கும் விளங்குகிறது. ஆனால் சட்டியைக் கவிழ்த்தால் நாய் எங்கே போய்க் குடிக்கும் என்று ஒருவராவது யோசித்திருக்கலாம். வீரன் அந்தக் கிடங்குக்குத்தான் போனான்.

அந்தக் கிடங்கைப் பற்றி முன்பே தங்களுக்கு எழுதினேன். பிரசுரித்தீர்கள், நன்றி. ஆனால் இரண்டு வரியாகச் சுருங்கி, எந்த ஊர், எந்த வீதி என்பது இல்லாமல் வந்தது. இடம் தெரியாத கிடங்கை யார் வந்து மூடுவார்கள்? 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது முதல் பக்கம் முழுக்க நாங்கள்தான் இருந்தோம். வெள்ளம் வடிந்தபின் ஊருக்குள் நாறிக்கிடந்த தண்ணீரைப் பற்றித் தங்களிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. பாயும் தண்ணீருக்குக் கிடைக்கிற இடம் தேங்கும் தண்ணீருக்குக் கிடைப்பதில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. அதே ஞாயிறு இதழில், அதே பகுதியில், அந்தக் கடைசி வரி தவறு என்று ஒரு திருத்தம் வர வேண்டும். அதோடு இதையும் சேர்த்துப் போடுங்கள்: அரசாங்கம் இலவசமாகப் போடுகிற விசர்நாய்த் தடுப்பூசி எலிக்காய்ச்சலைத் தடுக்காது. ஊசி போட்டாயிற்று என்று இங்கே பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். எலிக்காய்ச்சலுக்கு வேறு ஊசி. இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு தரம் போட்டு, பிறகு வருடாவருடம் போடவேண்டும். அது எல்லா வகைக் கிருமியையும் தடுக்காது என்றாலும் முக்கியமானவற்றைத் தடுக்கும். அதைக் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டியிருக்கிறது. வயலுக்கு நாயோடு போகிறவர்கள் வீட்டிலேயே வயிறு நிறையத் தண்ணீர் காட்டிவிட்டு, ஒரு போத்தலும் கொண்டு போகட்டும். சத்தி, மஞ்சள், சலத்தின் நிறமாற்றம் கண்டால் காத்திருக்க வேண்டாம். சலத்தை வெறுங்கையால் துடைக்கவும் வேண்டாம்.

இந்த முறையும் இடம் போதாமல் சுருக்கித்தான் போடவேண்டுமென்றால், என் மனக்குறை முழுவதையும் வெட்டிவிடுங்கள். மேலே உள்ள பத்தியை மட்டும் வெட்டாதீர்கள். கிடங்கு இருப்பது முத்தையன்கட்டு வலதுகரையில். ஊர்ப் பெயரையும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி,
முத்தையன்கட்டு.