ஐந்து ரூபாய் வளையத்துக்கு அளவு சொல்ல ஆளில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகள் துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஆர்வம் காட்டுவதைப் பற்றி உங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்தி வருகிறது. மகிழ்ச்சி. துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர் என்று நாமெல்லோரும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறோம். அவர் வளர்ந்ததும் பயின்றதும் குஜராத்தில் என்பதை மட்டும் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறோம். இங்கேயே இருந்து பயிலும் ஒரு பிள்ளையின் ரைபிள் பழுதானால் என்ன நடக்கிறது என்று யாரும் எழுதக் காணோம். அதனால் நான் எழுதுகிறேன்.

கரும்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அரவை உருளைகளை அழுத்திப் பிடிக்கும் ஹைட்ராலிக் அமைப்புதான் என் பொறுப்பு. கசிவை அடைக்கும் சீல், ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், வாஷர் என்று எண்ணெய்க் கையோடுதான் காலம் போயிற்று. ஓய்வுக்குப் பிறகு மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலரின், காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைபிள்களைப் பிரித்து, துடைத்து, மாட்டித் தருகிறேன். காசு வாங்குவதில்லை, காபி கொடுத்தால் குடிப்பேன்.

ஏர் ரைபிளில் கெட்டுப்போவது பெரும்பாலும் ரப்பர்தான். இரும்பு ஒரு தலைமுறை உழைக்கும். குழலை மடித்து ஈயக் குண்டு போடும் சாதாரண ஸ்பிரிங் ரைபிளில் முக்கியமாக இரண்டு சீல்கள் உண்டு. ஒன்று பிஸ்டன் தலையில்; பழைய ரைபிள்களில் அது தோல் வாஷர், சைக்கிள் பம்பில் இருப்பதன் பெரியண்ணன். மற்றது குழல் மடங்கும் இடத்தில், குழலின் பின்வாயைச் சுற்றியுள்ள பள்ளத்தில் உட்காரும் ஓ-ரிங். இரண்டாவது தேய்ந்தால் ரைபிள் சுடுவதை நிறுத்தாது, அதுதான் தொல்லை. காற்றில் ஒரு பங்கு மூட்டு வழியே போய்விடும். எவ்வளவு போகிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறும், குண்டின் வேகமும் அதற்கேற்ப மாறும். 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். அங்கே இந்தத் தடுமாற்றம் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளையோ தன் கைதான் நடுங்குகிறது என்று நினைத்து அழுகிறது.

சோதனை எளிது. டிஷ்யூ காகிதத்தைச் சுண்டுவிரல் அகலத்துக்குக் கிழித்து மூட்டின்மேல் படுக்கவைத்துச் சுடுங்கள். காகிதம் துள்ளினால் காற்று அங்கே போகிறது.

துள்ளுகிறது என்று தெரிந்த பிறகுதான் கூத்து ஆரம்பம். விற்ற கடையில் கேட்டால், சீல் தனியாகக் கிடையாது, ரைபிளையே கம்பெனிக்கு அனுப்புங்கள் என்கிறார்கள். அளவாவது சொல்லுங்கள் என்றால் அது கம்பெனி ரகசியமாம். கூரியர்காரர் துப்பாக்கி என்ற சொல் காதில் விழுந்ததும் பெட்டியைத் திருப்பித் தள்ளுகிறார். ஏற்றுக்கொண்டாலும் போக, வர ஆகும் செலவைப் பார்த்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ரைபிளோடு வரும் கையேட்டில் பாதுகாப்பு எச்சரிக்கை பக்கம் பக்கமாக இருக்கிறது, படமும் இருக்கிறது, ஓ-ரிங்குக்கு அம்புக்குறி போட்டு ஓர் எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண் அவர்களுடைய கிடங்கு எண். உலகத்தில் வேறு எந்தக் கடைக்காரருக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை.

இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஓ-ரிங்கைச் சொல்ல இரண்டு அளவு போதும்: உள்விட்டம், தடிமன். உலகம் முழுக்க இதற்குத் தர அட்டவணைகள் இருக்கின்றன. அமெரிக்க அட்டவணையில் 110 என்றால் உள்விட்டம் 9.19, தடிமன் 2.62 மில்லிமீட்டர். ஜப்பானிய அட்டவணையில் அதற்குப் பக்கத்தில் நிற்பது பி10ஏ: உள்விட்டம் 9.8, தடிமன் 2.4. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். விரலில் உருட்டினாலும் ஒன்றுதான்.

ஒன்றல்ல என்பதற்கு என் மேசையில் கிடந்த ரைபிளே சாட்சி. அதன் பள்ளத்தின் ஆழம் 2.2 மில்லிமீட்டர். கடலூரில் பொக்லைன் வண்டிகளுக்குச் சீல் விற்கும் கடை ஒன்றில், பழைய வளையத்தைக் கண்ணால் பார்த்து, இதுதான் என்று ஜப்பானிய அளவைக் கொடுத்தனுப்பினார்கள். மாட்டினால் பள்ளத்துக்கு மேல் 0.2 மில்லிமீட்டர்தான் தலைநீட்டுகிறது. ரைபிளை மூடும்போது நசுங்கிப் பிடிக்க அது போதவில்லை. காகிதம் துள்ளிக்கொண்டே இருந்தது. 110 போட்டால் 0.42 மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது. மூடும்போது கை விரலுக்கே ஓர் எதிர்ப்பு தெரிகிறது. காகிதம் அசையவில்லை.

அந்த 110 கிடைத்தது புதுச்சேரியில், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் ஓர் அம்மா நடத்தும் கடையில். அவரிடம் கோடு போட்ட கூம்பு ஒன்று இருக்கிறது. வளையத்தை அதில் நழுவவிட்டு, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து அளவு சொல்கிறார். நான் கொண்டுபோன பழைய வளையத்தையும் அப்படித்தான் பார்த்தார். பிறகு, "ஐயா, இது எண்ணெய் குடித்து உப்பியிருக்கிறது. ஒரு பக்கம் தட்டையாகவும் ஆகிவிட்டது. இதை நம்பாதீர்கள், பள்ளத்தை அளந்துகொண்டு வாருங்கள்" என்றார். ஆலையில் என் மேலாளர்களில் பாதிப் பேருக்குத் தெரியாத விஷயம் அது. எதற்கு என்று கேட்டதற்கு ஏர் ரைபிளுக்கு என்றேன்; சற்றுத் தயங்கினார். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை என்று விளக்கிய பிறகுதான் டப்பாவைத் திறந்தார். அந்தத் தயக்கத்தில் தவறில்லை. இன்னொன்றும் கவனித்தேன்: அவர் வளையங்களை இருட்டான டப்பாவில் தளர்வாகப் போட்டு வைத்திருக்கிறார். பல கடைகளில் ஆணியில் மாலை மாலையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். இழுபட்டபடியே வெயிலும் காற்றும் பட்டால் நைட்ரைல் ரப்பர் விற்பனைக்கு முன்பே விரிசல் விட்டுவிடும்.

ரப்பரின் வகையும் சொல்லப்பட வேண்டும். ஸ்பிரிங் ரைபிளின் குழல் மூட்டுக்கு ஷோர் அளவுகோலில் 70 கடினத்தன்மையுள்ள சாதாரண நைட்ரைல் போதும். ஈ.பி.டி.எம். என்ற வகை தண்ணீர்க் குழாய்க்கு அருமையானது; பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். கறுப்பு வளையம் எல்லாம் ஒன்று என்று நினைத்து அதை மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். பாலியூரித்தேனில் ஒரு வகை ஈரக்காற்றைத் தாங்காது. நம் கடற்கரை ஊர்களில் சில ஆண்டுகள் அலமாரியில் கிடந்தாலே பிசுபிசுத்து உதிர்ந்துவிடும். வடக்கே வறண்ட ஊரில் நன்றாக உழைத்தது இங்கே உழைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால்தான் கடலூர்க்காரர் கணக்கு கடலூர்க்காரருக்கு வேண்டும் என்கிறேன். பிஸ்டனுக்குள் தேங்காய் எண்ணெய் ஊற்றும் வழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அழுத்தத்தில் காற்று சூடேறி எண்ணெய் பற்றிக்கொள்ளும், புகையும் வெடிச்சத்தமும்தான் மிச்சம். ரைபிளுக்கு வலிமை கூடிவிட்டதாகப் பிள்ளைகள் குதிப்பார்கள், சீல் கருகிக்கொண்டிருக்கும்.

இங்கே ஓர் எல்லைக்கோடு போட வேண்டும். போட்டிகளுக்கான ரைபிள்களில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டர் இருக்கிறது. அதன் வால்வை வீட்டில் பிரிக்காதீர்கள், காலாவதித் தேதி தாண்டியதைப் பயன்படுத்தவும் வேண்டாம், ஆக்சிஜனை நிரப்பவே நிரப்பாதீர்கள். ஸ்பிரிங் ரைபிளிலும் குழல் மூட்டு வளையத்தைத்தான் வீட்டில் மாற்றலாம். பிஸ்டனை எடுக்க வேண்டுமென்றால் ஸ்பிரிங்கை அடக்கிப் பிடிக்கும் கருவி வேண்டும். அது இல்லாமல் கழற்றினால் தாடையைப் பெயர்த்துவிடும்.

அளவுகளை ஊரறியச் சொன்னால் பறவை சுடுகிறவர்களுக்கு உதவியாகிவிடாதா என்று என் மருமகள் கேட்டாள். புதுச்சேரி ஊசுட்டேரிப் பக்கம் கொக்கைக் குறிவைப்பவன் என் வாசலுக்கு வந்தால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லித் திருப்பி அனுப்புவேன். அவனுக்கு ரைபிள் கொஞ்சம் கசிந்தாலும் கவலையில்லை. புள்ளி புள்ளியாக மதிப்பெண் எண்ணும் பிள்ளைக்குத்தான் கவலை. சரியான சீல் ரைபிளின் ஆற்றலைக் கூட்டுவதும் கிடையாது, இருக்க வேண்டிய அளவுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

ரைபிள் தயாரிக்கும் நிறுவனங்கள் கிடங்கு எண்ணுக்குப் பக்கத்திலேயே உள்விட்டம், தடிமன், ரப்பர் வகை ஆகியவற்றையும் அச்சிட வேண்டும். கையேட்டில் அரை வரி. மை செலவுகூட ஆகாது. அவர்கள் செய்கிறவரை நாம் கைகட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கடலூர் அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவு மாணவர்கள் வெர்னியர் என்ற நுண் அளவுகோலைப் பிடிக்கப் பழகுவதற்கு வெட்டுத் துண்டுகளையே திரும்பத் திரும்ப அளக்கிறார்கள். ஒரு பயிற்சி வகுப்பில் உள்ளூர்ப் பிள்ளைகளின் ரைபிள் பள்ளங்களை அளந்தால் என்ன? வெர்னியரின் ஆழம் பார்க்கும் கம்பியைப் பலர் தொடுவதே இல்லை. அதற்கும் ஒரு வேலை கிடைக்கும். ரைபிளில் குண்டு இல்லை என்பதை ஆசிரியர் பார்த்து உறுதி செய்த பிறகு குழலை மடித்து வைத்தால் போதும், பழைய வளையத்தைத் தவிர வேறெதையும் கழற்ற வேண்டியதில்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வாசகர்கள் தங்கள் ரைபிளின் மாதிரிப் பெயர், எந்த இடத்துச் சீல், பள்ளத்தின் அகலமும் ஆழமும், பொருந்திய வளையத்தின் அளவு, ரப்பர் வகை, எத்தனை மாதம் உழைத்தது என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதி உங்களுக்கு அனுப்பலாம். விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் வாரம் ஒருமுறை ஒரு சிறு கட்டம் ஒதுக்கி அதை வெளியிடுங்கள். பொருந்தாத அளவையும் வெளியிடுங்கள். அடுத்தவர் அதே கடைக்கு அலைய மாட்டார். வருகிற அட்டைகளைச் சரிபார்த்து, 2.4-ஐ 2.5 என்று எழுதுகிறவர்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் வேலையை நான் செய்கிறேன். சன்மானம் வேண்டாம். பள்ளத்தின் ஆழத்தை விட்டுவிட்டு எழுதப்பட்ட அட்டைகளை மட்டும் என்னிடம் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.