ரிச்சர்டின் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அமெரிக்காவில் வர்ஜீனியா பக்கத்து ஜேம்ஸ்டவுனில் பாப்பா அந்தப் பழங்காலக் கப்பல்கள் முன்னால் நிற்கும் படத்தை அம்மா தெருவெல்லாம் காட்டிவிட்டாள்.

1607-ல் அங்கே ஆட்களை இறக்கியது வர்ஜீனியா கம்பெனி. இங்கிலாந்து ராஜா கொடுத்தது பட்டயம், அதாவது அனுமதிப் பத்திரம். பணம் போட்டது பங்குதாரர்கள். ஒரு பங்கு 12 பவுண்டு 10 ஷில்லிங். அந்தக் கம்பெனியைப் பத்து வருஷம் நடத்திய தாமஸ் ஸ்மித்தான் நம் பக்கம் வந்த கும்பினிக்கும், அதுதான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும், முதல் கவர்னர். தங்கம் கிடைக்கவில்லை, புகையிலைதான் கைகொடுத்தது. அதற்கு ஆள் வேண்டுமே? கப்பல் செலவு கொடுத்து ஒருவனை அனுப்பினால் தலைக்கு 50 ஏக்கர் என்று 1618-ல் விதி போட்டார்கள். போனவன் செத்தாலும் அனுப்பியவனுக்கு நிலம் உண்டு. அந்த நிலமோ அங்கேயே வாழ்ந்த போஹாட்டன் என்ற பூர்வகுடி மக்களுடையது. பொறுத்துப் பார்த்த அவர்கள் 1622-ல் திருப்பி அடித்தார்கள். ஒரே நாளில் 347 குடியேறிகள் செத்தார்கள். அப்புறம் பஞ்சம்.

அந்தப் பஞ்சத்தில் மாட்டியவன் ரிச்சர்ட் ஃப்ரெத்தோர்ன். இத்தனை வருஷம் வேலை செய்கிறேன் என்று முறி எழுதிக்கொடுத்து வந்த இளைஞன். 1623-ல் அப்பா அம்மாவுக்கு அவன் எழுதிய கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை, தம்பி. கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து பட்டாணியும் தண்ணீர்க் கஞ்சியும்தான் சாப்பாடாம். ஒரு பென்னி ரொட்டியை நாலு பேர் பங்கு போட வேண்டுமாம். உடுத்த ஒரே ஒரு உடை, ஒரு ஜோடி செருப்பு, ஒரு தொப்பி என்று எண்ணி எண்ணி எழுதுகிறான். ஜாக்சன் என்ற நல்ல மனிதர் மட்டும் அவனைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார். உன்னைப் பெற்றவர்கள் எப்படி இங்கே வேலைக்காரனாக அனுப்பினார்கள் என்று ஆச்சரியப்பட்டாராம். என் மேல் பாசம் இருந்தால் என்னை மீட்டுக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் கொஞ்சம் பாலாடைக்கட்டியாவது அனுப்புங்கள் என்று கெஞ்சுகிறான்.

அடுத்த வருஷக் கணக்கெடுப்பில் அவன் பெயர் இறந்தவர்கள் பட்டியலில் இருக்கிறது. அதே 1624-ல் கம்பெனியின் பட்டயமும் போனது. பங்கு போட்டவர்களுக்கு நஷ்டம் பணம். அந்தத் தகப்பனுக்கு?

நீ போன புதிதில் போனில் "நல்லாத்தான் சாப்பிடுறேன்பா" என்று சொல்வாய். குரலைக் கேட்டே அம்மா கண்டுபிடித்துவிடுவாள்.

பருப்புப்பொடியும் முறுக்கும் நேற்று பார்சல் போட்டாயிற்று. பொடியை அம்மா இரண்டு கவருக்குள் வைத்திருக்கிறாள், கொட்டாது. வந்ததும் ஒரு வார்த்தை சொல்.

அன்புடன்,
அப்பா