மின்சாரம், சுற்றுச்சூழல் டெண்டர்களும் நம் பட்டறைகளும்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், செயற்குழு நண்பர்கள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கையில் கூட்டம், இரங்கல், நன்கொடை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவோம். இந்த முறை அதெல்லாம் கடைசியில் சுருக்கமாக வரும். ஏனென்றால் ஆண்டு முழுக்க சங்க அலுவலகத்தில் வந்து கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: மின்வாரியம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், வனத்துறை என்று எல்லாப் பக்கமும் திட்டம் திட்டமாக அறிவிக்கிறார்களே, அதில் சேலத்துப் பட்டறைக்காரனுக்கு என்ன கிடைக்கும்? நிச்சயம் கிடைக்கும். ஆனால் டெண்டர் வந்த பிறகு காகிதம் தேட ஆரம்பிப்பவருக்குக் கிடைக்காது, அதைத்தான் இந்த ஆண்டு திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

முதலில் யாரிடம் போக வேண்டும் என்பது. நாம் இன்னும் மின்வாரியம் என்றே சொல்கிறோம், ஆனால் மாநில மின் உற்பத்தி, பகிர்மானக் கழகமான டான்ஜெட்கோவை 2024-ல் பிரித்தாகிவிட்டது. அனல் மின் நிலையங்கள் உற்பத்திக் கழகத்திடம், கம்பம், மீட்டர், டிரான்ஸ்ஃபார்மர் பகிர்மானக் கழகத்திடம், நீர், காற்று, சூரியசக்தி பசுமை எரிசக்திக் கழகத்திடம். உங்கள் பழைய வெண்டார் பதிவு இப்போது எந்தக் கழகத்தின் கணக்கில் இருக்கிறது என்பதை நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

தண்ணீரை மேலே ஏற்றி வைத்துத் தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் நீரேற்று மின் திட்டங்கள், சிறு புனல் மின் திட்டங்கள், பழைய காற்றாலைகளைப் புதுப்பித்தல் இவற்றுக்கெல்லாம் 2024-ல் மாநில அரசு தனித்தனிக் கொள்கை வெளியிட்டது. நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டம் மட்டுமே 500 மெகாவாட். அந்த அளவு வேலையில் நாம் நேரடியாக நுழைய முடியாது, பெரிய ஒப்பந்ததாரருக்குப் பாகம் செய்து கொடுக்கலாம், அவ்வளவுதான். ஆனால் நம் வாசலிலேயே மேட்டூர் இருக்கிறது. அணை மின் நிலையம், சுரங்க மின் நிலையம், அப்புறம் ஆற்றோடு கீழே போனால் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று தலா 30 மெகாவாட் கதவணை மின் நிலையங்கள். இவற்றுக்கெல்லாம் பராமரிப்பு இருந்துகொண்டே இருக்கும். கதவுக்கு ரப்பர் சீல், குப்பையைத் தடுக்கும் கம்பிச் சட்டம், புஷ், போல்ட், பெயின்ட். நம் லேத் பட்டறைகள் செய்யாத வேலை இதில் எதுவும் இல்லை. தொகை சின்னதாக இருப்பதால் வெளியூர்ப் பெரிய கம்பெனிகள் இந்தப் பக்கம் அதிகம் வருவதும் இல்லை.

மேட்டூர் அனல் மின் நிலையத்தின் சாம்பலை வைத்துச் செங்கல் அறுக்கும் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. சாம்பல் முழுவதையும் பயன்படுத்தியாக வேண்டும் என்று 2021 டிசம்பரில் மத்திய அரசு அறிவிக்கை போட்டது உங்களுக்குச் சாதகம், அதைப் படித்து வைத்துக்கொண்டு பேசுங்கள். கந்தகப் புகையைப் பிரிக்கும் எஃப்.ஜி.டி. வேலையை நம்பி மட்டும் யாரும் மெஷின் வாங்க வேண்டாம். 2025 ஜூலையில் அந்த விதியைப் பல நிலையங்களுக்குத் தளர்த்திவிட்டார்கள்.

வீட்டு மாடி சோலார்தான் இன்று நமக்கு மிக நெருக்கமான வேலை. பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு ரூ.30,000, மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் மொத்தமாக ரூ.78,000 மானியம். பேனல் நாம் செய்வதில்லை, மானியம் வேண்டுமானால் இந்தியாவிலேயே செய்த சோலார் செல், பேனல்தான் போட வேண்டும். பேனலைத் தாங்கும் சட்டம் நம் வேலை. அதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். சிட்கோ தொழிற்பேட்டையில் ஓர் உறுப்பினரின் ஷெட்டுக்கு வாங்குபவரின் இன்ஸ்பெக்டர் வந்தபோது நானும் போயிருந்தேன். துத்தநாக முலாமின் கனத்தைப் பார்க்கும் மீட்டரைச் சட்டத்தின் நடுவில் வைத்தார், கேட்ட 80 மைக்ரானுக்கு மேலேயே காட்டியது. அடுத்து போல்ட் போடும் துளையின் ஓரத்தை விரலால் தடவினார். உள்ளே வெறும் இரும்பு பளபளத்தது. முலாம் பூசி வந்த பிறகு அவசரத்தில் போட்ட துளை அது. மொத்த லாட்டும் திரும்பியது. துளை, வெல்டிங் எல்லாம் முடித்த பிறகே ஹாட் டிப்புக்கு, அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கும் முலாமுக்கு, அனுப்ப வேண்டும் என்று தெரியாதவர் நம்மில் இல்லை. தெரிந்தும் நடக்கிறது. மாடியில் மழையில் நனையும் அந்த ஒரு துளையில்தான் துரு தொடங்கும், அந்த வீட்டுக்காரர் பாவம் இல்லையா?

மாசு வாரியப் பக்கம் வேலை நம் ஊருக்கென்றே அமைந்தது. ஆத்தூர் வரைக்கும் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் நிறைந்த மாவட்டம். மரவள்ளி அரைத்த தண்ணீர் சுத்திகரிக்காமல் வெளியே போகக் கூடாது, அந்தத் தண்ணீரிலிருந்தே எரிவாயு எடுத்து ஜெனரேட்டர் ஓட்டலாம். ஷீட் விரித்த குளம், பம்ப், பைப் லைன், ப்ளோயர், வாயுவைச் சுத்தம் செய்யும் தொட்டி, இத்தனையும் தேவைப்படும். வாங்குவது ஆலைக்காரர், வாங்க வைப்பது வாரிய விதி. ஆலைக்காரர்களோடு வரும் ஆண்டில் கூட்டுக் கூட்டம் ஒன்று வைக்க வேண்டும் என்பது செயற்குழு முடிவு. இன்னொன்று, கால்வனைசிங், முலாம் வேலை செய்யும் உறுப்பினர்கள் வாரியக் கணக்கில் அதிக மாசு தரும் சிவப்பு வகையில் வருகிறீர்கள். வாரியம் தரும் அனுமதியான உங்கள் கன்சென்ட் காலாவதியாகி இருந்தால் அதுவே உங்கள் ஆர்டரைக் கெடுக்கும், இப்போது வாங்குபவர்களே நகல் கேட்கிறார்கள்.

ஏற்காட்டு உறுப்பினர்கள் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைக் கவனியுங்கள். மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 சதவீதமாக்குவது அதன் இலக்கு, அதற்கு நாற்று வேண்டும், நிழல்வலை வேண்டும், சொட்டுநீர்க் குழாய் வேண்டும்.

சரி, காகித விஷயம். மாநில டெண்டர் எல்லாம் 1998-ஆம் ஆண்டு ஒளிவுமறைவற்ற ஒப்பந்தப் புள்ளிச் சட்டத்தின்படி நடக்கிறது. 2 கோடி வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. 15 நாளில் டிஜிட்டல் கையெழுத்து வாங்கி, ஆடிட்டரிடம் மூன்று வருட டர்ன்ஓவர் சான்று வாங்கி, பழைய வேலைக்கு முடிப்புச் சான்று தேடி அலைந்தால் எப்படி முடியும்? குறு, சிறு நிறுவனங்களுக்கு டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகையில் விலக்கு கிடைக்கும் இடங்களில்கூட உத்யம் என்ற நிறுவனப் பதிவுச் சான்றில் செய்பொருள் தவறாக இருந்ததால் விலக்கு மறுக்கப்பட்ட உறுப்பினர் உண்டு. வரம்புகளும் 2025 ஏப்ரல் முதல் மாறிவிட்டன, சிறு நிறுவனம் என்றால் இப்போது முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை. சேலம் உருக்காலை போன்ற மத்திய நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்பதும் நம் கைக்கு எட்டிய உரிமை.

பணம் வராத கதை இந்த ஆண்டும் கசப்புதான். ஒரு சோலார் ஒப்பந்ததாரரிடம் சரக்கு கொடுத்த உறுப்பினர் ஒருவர் மாதக்கணக்கில் அலைந்தார், "பில் மேலே போயிருக்கு" என்பதே பதில். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவன வளர்ச்சிச் சட்டப்படி 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது, மீறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இது உற்பத்தியாளருக்கும் சேவை செய்பவருக்கும்தான், வாங்கி விற்பவருக்கு இல்லை. பில்லில் உத்யம் எண்ணை அச்சடியுங்கள், சரக்கு சேர்ந்த தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். இந்த இரண்டும் இருந்ததால்தான் அந்தச் சட்டப்படி பணத் தாவாக்களை விசாரிக்கும் மன்றத்தில் அவரால் மனு கொடுக்க முடிந்தது, அதன் பிறகே எதிர்த்தரப்பு பேச வந்தது.

மறைந்த உறுப்பினர்களுக்கு நம் அஞ்சலி. அலுவலக வாடகை உயர்ந்திருக்கிறது, சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இந்த மாதத்துக்குள் கட்டிவிட வேண்டும். ஒவ்வொருவரும் உத்யம், ஜி.எஸ்.டி., கன்சென்ட், முடிப்புச் சான்று நகல்களை அலுவலகத்தில் கொடுத்தால் உறுப்பினருக்கு ஒரு கோப்பு திறந்து, காலாவதித் தேதி நெருங்கும்போது போன் செய்து சொல்லும் ஏற்பாட்டை உதவிச் செயலாளர் தொடங்கியிருக்கிறார். தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கை அடுத்து பொருளாளர் வாசிப்பார்.