கம்பியைக் கூட்டினால் சிறுபாலத்தின் ஆயுள் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாய்க்கால், ஓடைகளின் மேல் கட்டிய கான்கிரீட் சிலாப் பாலங்களில் அடிப்பக்கம் காரை பெயர்ந்து கம்பி துருத்திக்கொண்டிருக்கும் படங்கள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. உடனே “கம்பியைக் குறைத்துவிட்டார்கள்” என்று பேச்சு எழுகிறது. புதுப் பாலம் வரும்போதும் ஊரார் கேட்பது கூடுதல் கம்பியைத்தான். பெரும்பாலும் கோளாறு கம்பியின் அளவில் இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

6 மீட்டர் வாய்க்காலை எடுத்துக்கொள்வோம். அகலத்தில் மீட்டருக்கு 80 மி.மீ. என்ற தொடக்கக் கணக்கில் சிலாபின் கனம் 480, முழுதாக்கினால் 500 மி.மீ. சொந்த எடையே சதுர மீட்டருக்கு 1,250 கிலோ. அதன்மேல் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) விதிப்படி 70 டன் சங்கிலிச் சக்கர வண்டி, அதிர்வுக்காக ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதல். இவ்வளவையும் தாங்க அடியில் 20 மி.மீ. கம்பி, 150 மி.மீ. இடைவெளியில் என்ற அளவில் வரும். இடைவெளியை 125 ஆக்கினால் பாலம் கூடுதல் பாரம் தாங்கும். கூடுதல் ஆண்டுகள் தாங்காது.

ஆண்டுகளைத் தீர்மானிப்பது கம்பிக்குக் கீழே உள்ள கான்கிரீட், அதாவது கவர். சாதாரணச் சூழலில் 40 மி.மீ., கடலோரத்தில் 45, 50 என்று கான்கிரீட் பாலங்களுக்கான ஐ.ஆர்.சி. 112 விதிநூல் சொல்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் இறங்கும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே கூடுகிறது. ஆகவே 40 மி.மீ. கவர் 20 ஆகிவிட்டால், துரு தொடங்கும் காலம் பாதியாக அல்ல, கால் பங்காகச் சுருங்கும். துருப்பிடித்த கம்பி பருத்துக் காரையை வெளியே தள்ளும். படத்தில் நாம் பார்ப்பது அதைத்தான். கவர் குறைவது எப்படி? கம்பியைத் தகட்டிலிருந்து தூக்கி நிறுத்தும் சிறு கட்டையான கவர் பிளாக்குக்குப் பதில் கையில் கிடைத்த ஜல்லியைச் செருகுகிறார்கள். கான்கிரீட் கொட்டும் ஆட்கள் கம்பி வலைமேல் நடக்கும்போது ஜல்லி நழுவி, கம்பி கான்கிரீட்டைத் தாங்கும் சென்டரிங் தகட்டில் போய் உட்கார்ந்துவிடுகிறது. இதைத் தடுக்க, சிலாபின் அதே தரக் கான்கிரீட்டில் வார்த்த பிளாக், நடக்க ஒரு பலகை போதும். செலவு மிகச் சொற்பம். கான்கிரீட் போடும் அன்று காலையில் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாலே பிளாக் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கம்பி 12 மீட்டர் நீளத்தில் கிடைக்கிறது. 6 மீட்டர் சிலாபின் நடுவில் துண்டுக் கம்பியை ஒட்டுப்போட எந்தக் காரணமும் இல்லை. அப்படிக் கண்டால் வேலையை நிறுத்தச் சொல்லலாம்.

சென்டரிங் முட்டுகளை வாய்க்கால் சேற்றில் நேராக ஊன்றுவது இன்னொரு கேடு. சதுர மீட்டருக்கு ஒன்றேகால் டன் ஈரக் கான்கிரீட் ஏறியதும் முட்டு அமிழும், சிலாப் தொய்யும். சேற்றை வாரி, கெட்டி மண்ணில் பி.சி.சி. (கம்பியில்லாக் கான்கிரீட்) படுகை போட்டு ஊன்ற வேண்டும். 14 நாளுக்கு முன் முட்டுகளைப் பிரிக்கக் கூடாது. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் என்றால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். மடைத் தண்ணீர் திறக்கும் தேதி நெருங்குகிறது என்று அவசரப்படுவது இங்கேதான் நடக்கிறது.

சாலை வாய்க்காலைச் சாய்வாகக் கடக்கும் இடங்களில் மட்டும் மாதிரி வரைபடத்தை அப்படியே பின்பற்ற முடியாது. சாய்வு 15 பாகையைத் தாண்டினால் பாரம் குறுக்குவழி தேடி விரிகோண மூலைகளுக்குப் போகும். குறுங்கோண மூலை மேலே எழும்பப் பார்க்கும். விரிகோண மூலையில் மேல்பக்கமும் கம்பி வேண்டும். நேர்ப் பாலத்தின் வரைபடத்தைச் சாய்த்துப் போட்டால் அந்த மூலையில்தான் முதல் விரிசல் விழும்.

சிலாப் நன்றாக இருந்தும் பாலம் போவது தண்ணீரால். செலவை மிச்சப்படுத்த சிலாபின் இரு முனைகளையும் தாங்கும் அபட்மென்ட் சுவர்களை வாய்க்காலுக்குள் நெருக்கினால் நீரின் வேகம் கூடி அடி அரிக்கும். பாலத்தின் அடியில் வாய்க்கால் படுகைக்குக் கான்கிரீட் தளம் போட்டால், அதன் மேல்புறம் 2 மீட்டர், கீழ்ப்புறம் 2.5 மீட்டர் ஆழத்துக்குத் தடுப்புச் சுவர் இறங்க வேண்டும். மண்ணுக்குள் மறைவதால் முதலில் குறைக்கப்படுவதும் இதுதான்.

கடைசியாக, தார். சாலையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பாலத்தின் மேலும் 40 மி.மீ. ஏற்றுகிறார்கள். நான்கு முறையில் 160 மி.மீ., சதுர மீட்டருக்கு சுமார் 350 கிலோ. எடையைவிட மோசம், மழைநீர் வடியும் குழாய்கள் அடைபடுவது. தேங்கிய நீர் சிலாப் முனையில் விரிவதற்காக விட்ட இடைவெளியான விரிவு இணைப்பு வழியாக இறங்கி சிலாபின் முனையை அரிக்கும். கைப்பிடிச் சுவரின் உயரமும் குறைந்துகொண்டே வரும். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போடவேண்டும் என்பதைப் பாலங்களுக்குத் தனி இனமாக ஒப்பந்தத்தில் சேர்த்து, அதற்குரிய தொகையையும் ஒதுக்குமாறு உள்ளாட்சி அமைப்புகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கட்டுமானப் பொறியாளர்,
தஞ்சாவூர் மாவட்டம்