பத்துமலைக்கு நடக்கும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

தைப்பூசத்துக்குக் கோலாலம்பூர் வந்து, மாரியம்மன் கோயிலிலிருந்தே பத்துமலை முருகன் கோயிலுக்கு நடக்கிறேன், அதுவும் வெறுங்காலில் என்கிறாய். நட. ஆனால் மெல்போர்னில் ஏசி ஆபீசுக்குள் வளர்ந்த உள்ளங்காலை இரண்டு மாதமாவது பழக்கு.

தினமும் கால் மணி நேரம் சிமெண்டு நடைபாதையில் தொடங்கு. வாரத்துக்குப் பத்து நிமிடம் கூட்டினால் போதும். ஷூ போட்டுப் பழகியவர்கள் எட்டி அடிவைத்துக் குதிகாலைத் தரையில் மோதுவார்கள். வெறுங்காலில் சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். முதலில் கெண்டைக்கால் வலிக்கும், அது பரவாயில்லை. பாதத்தின் மேல்பக்கம் ஒரே இடத்தில் தொட்டால் வலித்தால் மட்டும் நிறுத்திவிடு. அவசரப்பட்டவர்களுக்கு அங்கேதான் எலும்பில் கீறல் விழும். குதிகால் தோலைக் கல்லால் தேய்த்து எடுத்துவிடாதே, உனக்கு அதுதான் செருப்பு.

ஜாலான் துன் எச்.எஸ். லீ மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலை சுமார் 15 கி.மீ. தனியாக நடந்தால் மூன்றரை மணி நேரம். முருகன் ரதத்தோடு போனால் பொழுது விடிந்துவிடும். நின்று நின்று நகர்வது நடப்பதைவிடக் கொடுமை. ரத்தம் காலிலேயே தேங்கி முழங்காலுக்குக் கீழே வீங்கும். நிற்கும்போதெல்லாம் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு. என்னைக் கேட்டால், ரதத்துக்கு முன்னால் போய்விடுவதே புத்திசாலித்தனம்.

நகரத்தார் காரைக்குடிப் பக்கமிருந்து பழனிக்கு நடப்பது பல நூற்றாண்டுப் பழக்கம். வழியில் குறித்த ஊர்களில் தங்கித் தங்கிப் பல நாளில் போய்ச் சேர்கிறார்கள். நம்முடையது ஒரே ராத்திரி என்பதால் எல்லாரும் லேசாக நினைக்கிறார்கள். அந்தக்காலக் கோலாலம்பூர்த் தமிழர் தலைவர் தம்புசாமி பிள்ளை முயற்சியில் 1892-இல் பத்துமலையில் தைப்பூசம் தொடங்கியபோது படிக்கட்டே கிடையாது. 1920-இல்தான் மரப்படி போட்டார்கள், 272 சிமெண்டுப் படி 1940-இல் வந்தது.

வழியில் பெரிய எதிரி ஈரம். பக்தர்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், சாலையே நனைந்து கிடக்கும். ஊறின தோல் மெத்தென்றாகி, தாரில் உரசி அடியோடு கழலும். பிளாஸ்திரி ஒட்டினாலும் ஈரத்தில் கழன்று, மண் சேர்ந்து, அதுவே கொப்புளம் போடும். அரை மணிக்கு ஒருமுறை ஓரமாய் நின்று துண்டால் விரலிடுக்கு வரை துடை. வெயில் ஏறினால் சாலையின் வெள்ளைக் கோடு சூடு குறைவு, ஆனால் நனைந்தால் வழுக்கும். சிதறுதேங்காய் உடைத்த இடத்தில் ஓட்டுத் துண்டு கிடக்கும், சுற்றிப் போ. டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் அங்கேயே போட்டுக்கொண்டு வா.

தண்ணீர்ப் பந்தலில் கொடுக்கிற ரோஸ் சிரப்பை எல்லா இடத்திலும் வாங்கிக் குடித்தால் வயிறு குமட்டும். வெறும் தண்ணீரையே மடமடவென்று குடித்தாலும் உடம்பில் உப்பு குறைந்து தலை சுற்றும். உப்புப் போட்ட மோர் கிடைத்தால் விடாதே. கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு இட்லி சாப்பிடு, பருப்பு வேண்டாம். தொடை உரசும் இடத்தில் வாஸ்லின் தடவு.

மலைப்படியில் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் தொடை நடுங்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கு. கொப்புளம் சின்னதாக இருந்தால் உடைக்காதே. திரும்ப நடக்கிற யோசனையே வேண்டாம், கோமுட்டர் ரயிலில் ஏறிவிடு.

மாமாவும் வருகிறாராம். சர்க்கரை உள்ளவர், காலில் உணர்ச்சி குறைவு. சில்லு குத்தினாலும் அவருக்குத் தெரியாது. அவர் வெறுங்காலில் நடக்கவே கூடாது. பழகின ஷூ, வெள்ளைக் காலுறை: ரத்தம் கசிந்தால் உடனே கண்ணில் படும். ஷூவைக் கழற்றும்போது நீயே குனிந்து இரண்டு பாதத்தையும் பார். நான் சொன்னால் சிரிப்பார், நீ போன் போட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா