கரண்டி பிடிக்கக் கற்ற குழந்தைக்குச் சேர வேண்டிய பணம்: மத்திய கல்வி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

ஜூலை 2025

மாண்புமிகு மத்திய கல்வி அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியொன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மும்மொழிக் கொள்கையைப் பற்றி வாதாட இந்த மடலை எழுதவில்லை. 1968-ல் எங்கள் சட்டமன்றம் எடுத்த இருமொழி முடிவின் பக்கம் நிற்பவன் என்பதை மறைக்கவும் இல்லை. அந்த வழக்கை எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் பேசலாம். நான் சொல்ல வந்தது காத்திருக்க முடியாத ஒன்றைப் பற்றி.

எங்கள் ஊரில் ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒருத்தி இருக்கிறாள். மூளை முடக்குவாதம். பள்ளிப் பதிவேட்டில் பெயர் உண்டு, பள்ளிக்கு வர இயலாது. வாரத்தில் ஒரு நாள் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியை வீடு தேடி வருகிறார். அவளைத் தானாகக் கரண்டி பிடிக்க வைக்கவே அவருக்கு மாதக்கணக்கில் பிடித்தது. கரண்டிக் காம்பு மெலிதாக இருந்ததால் விரல்கள் அதைச் சுற்றி மூடவில்லை. பழைய சைக்கிள் ட்யூபை நாடா நாடாவாக வெட்டி, காம்பின்மேல் சுற்றிச் சுற்றி, அந்த விரல்களுக்கு ஏற்ற பருமன் வரும்வரை விடாமல் பார்த்தார். ஒரு நாள் ரசம் சாதம் அவள் கையாலேயே வாய்க்குப் போனது. பாதி சட்டையில் சிந்தியது. அவள் அம்மா அடுப்படிக்குள் போய் நின்று அழுதார்.

அந்த ஆசிரியைக்குச் சம்பளம் தரும் பள்ளிக் கல்வித் திட்டத்தின் பெயர் சமக்ர சிக்‌ஷா. அதில் 60 விழுக்காடு உங்கள் அரசின் பங்கு, 40 விழுக்காடு மாநிலத்தின் பங்கு. 2024-25-ல் உங்கள் பங்கான சுமார் 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தீர்கள். அந்த ஆண்டு சில மாதங்கள் ஆசிரியைக்குச் சம்பளம் உரிய நாளில் வரவில்லை. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் எங்கள் ஊர் விலக்குவரை வந்துவிடுவார். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் நடப்பார். முன்பு ஆட்டோவில் வந்தவர். ஒரு வாரமும் அவர் வராமல் இருந்ததில்லை.

பணம் நின்றதற்கு நீங்கள் சொல்லும் காரணம், பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பது. பி.எம். ஸ்ரீ வேறு திட்டம். 2022-ல் வந்தது. நாடு முழுவதும் 14,500 பள்ளிகளை முன்மாதிரிப் பள்ளிகளாக்குவது அதன் நோக்கம். அதன் ஒப்பந்தத்தில், மும்மொழிக் கொள்கையைச் சொல்லும் தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐ மாநிலம் முழுமையாகச் செயல்படுத்த வேண்டும் என்ற வாசகம் இருக்கிறது. 2024 ஜூலையில் அந்த வாசகத்தை நீக்கித் தமிழ்நாடு அனுப்பிய வரைவை நீங்கள் ஏற்கவில்லை. சேர விரும்பாத ஒரு திட்டத்துக்காக, ஏற்கெனவே சேர்ந்து நடத்திவரும் இன்னொரு திட்டத்தின் பணத்தைப் பிடித்து வைப்பதற்கு ஊரில் வேறு பெயர் உண்டு. மரியாதை கருதி அதை எழுதவில்லை.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். சமக்ர சிக்‌ஷா எந்தச் சட்டத்தை நிறைவேற்றுவதற்கான வழி? 2009-ல் நாடாளுமன்றம் இயற்றிய கல்வி உரிமைச் சட்டத்தை. அந்தச் சட்டத்தில் 2012-ல் ஒரு திருத்தம் வந்தது. கடுமையான மாற்றுத்திறன் கொண்ட குழந்தை வீட்டிலிருந்தே கல்வி பெறலாம் என்ற உரிமையை அது கொடுத்தது. அந்தக் கரண்டிக்குப் பின்னால் இருப்பது அந்த உரிமைதான். தேசியக் கல்விக் கொள்கை அமைச்சரவை ஒப்புதல் தந்த கொள்கை. சட்டம் கொடுத்த உரிமைக்குக் கொள்கை எப்படித் தாழ்ப்பாள் போட முடியும்? 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் கல்வி நிலைக்குழுவே இப்படி நிதியை நிறுத்துவது நியாயமல்ல என்றது. கல்வி உரிமைச் சட்டத்துக்கான நிதியைக் கல்விக் கொள்கையோடு இணைக்க வேண்டியதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் கூறியது.

இது உங்கள் கைப்பணமும் அல்ல. 2004-ல் வரியின்மேல் 2 விழுக்காடு கல்வித் தீர்வை (செஸ்) வந்தபோது என் சம்பளப் பட்டியலில் அந்தப் புதிய வரியைப் பார்த்தது நினைவிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குத்தானே என்று மனதாரக் கொடுத்தேன். இன்று அது சுகாதாரத்தையும் சேர்த்து 4 விழுக்காடு. தீர்வையாக வசூலிப்பதால் மாநிலங்களுக்குப் பகிர வேண்டிய வரித் தொகுப்பில் அது சேராது, முழுவதும் டெல்லிக்கே. கல்விக்கென்று எங்களிடம் வாங்கியதை எங்கள் குழந்தைகளுக்குத் தருவதற்கு நிபந்தனை போடுகிறீர்கள்.

எங்கள் மாநில அரசையும் விடுவதற்கில்லை. 2024 மார்ச்சில், குழு அமைத்து அதன் பரிந்துரைப்படி பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவோம் என்று தலைமைச் செயலாளர் எழுதிய கடிதம் பெரும் தவறு. மறுப்பதாக இருந்தால் அன்றே மறுத்திருக்க வேண்டும். டெல்லி தரவில்லை என்று சொல்லி ஆசிரியையின் சம்பளத்தைத் தாமதப்படுத்தியதும் தவறு. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்கான 25 விழுக்காடு ஒதுக்கீட்டுச் சேர்க்கை 2025-26-ல் உரிய காலத்தில் தொடங்கவில்லை. மத்திய நிதி வரவில்லை என்பதைக் காரணம் காட்டி மாநிலம் தன் கடமையிலிருந்து விலக முடியாது என்று அதே உயர் நீதிமன்றம்தான் சொன்னது. நிறுத்திய தொகையையும் அதற்கு 6 விழுக்காடு வட்டியையும் சேர்த்து 2,291 கோடி ரூபாய் கேட்டு உச்ச நீதிமன்றத்தில் 2025 மே மாதம் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். நல்லது. தீர்ப்பு வரும்வரை சிறப்பாசிரியர்களுக்கும் இயன்முறை மருத்துவர்களுக்கும் மாதத்தின் கடைசி நாளில் சம்பளம் போய்ச் சேரட்டும்.

உங்களிடம் என் கோரிக்கை இதுதான். 2024-25-ல் நிறுத்திய தொகையை எந்தக் கையெழுத்தும் கேட்காமல் விடுவியுங்கள். அதை ஒரேயடியாகச் செய்ய முடியாது என்றால், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான உள்ளடங்கிய கல்விப் பிரிவின் பணத்தையாவது முதலில், இந்த மாதமே அனுப்புங்கள். அந்தச் சிறுமி இப்போது பென்சிலுக்கு வந்திருக்கிறாள். அதற்கும் ஆசிரியை ட்யூப் வெட்டிச் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்