கணக்குப்பிள்ளை வேலை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடித்தால் காலேஜ் ஒன்றுதான் வழி என்று எங்கள் கோபி பக்கம் இன்னும் நினைக்கிறார்கள். நான் சி.ஏ. என்ற ஆடிட்டர் படிப்பில் ஃபவுண்டேஷன், இன்டர் என்ற முதல் இரண்டு கட்டங்களையும் பாஸ் செய்துவிட்டு, கோவையில் பெரிய ஆடிட் ஆபீஸ் ஒன்றில் ஆர்ட்டிகிள்ஷிப் என்ற கட்டாயப் பயிற்சியில் இருக்கிறேன். இந்தப் பயிற்சி முன்பு 3 வருடம். 2023-ல் வந்த புதிய திட்டத்தில் 2 வருடம்தான். "பையன் கணக்குப்புள்ளையா போயிட்டானுங்க" என்று அமுச்சி (அம்மாவின் அம்மா) ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்!

திருப்பூர் பனியன் கம்பெனி குடோனில் நூல் மூட்டைகளை எண்ணி, ஏட்டோடு ஒப்பிட்டபோது புரிந்தது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. மாதம் 20-ம் தேதி ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் கெடு நெருங்கினால், வேலை முடிவதற்குள் கடைசி பஸ்ஸும் போய்விடும். அது கூடச் சரி. அப்புறம் சி.ஏ. ஃபைனல் பரீட்சைக்குப் படிக்க லீவு கேட்டால் மட்டும் ஆபீஸில் ஏன் முகம் சுளிக்கிறார்கள்? நாங்கள் மாணவர்கள்தானே!

ஆர்ட்டிகிள் மாணவர், கோபிசெட்டிபாளையம்